முந்நூற்றுப் பதினொரு கிலோ

தராசுக்காரன் நான்.
மொராவா ஆற்றங்கரைத் தொழிற்சாலையில்
உள்ளே வந்த ஒவ்வொன்றையும் நிறுத்து எழுதியவன்.
திருகாணி உங்களுக்குத் திருகாணி.
எனக்கு அது ஒன்பது கிராம்.

முப்பத்து நான்காம் ஆண்டு, பனி உருகும் மாதம்,
பொறியாளர் ப்ளாஹா வரைபடத்தை விரித்தார்.
இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானம்.
காகிதத்தில் அது தும்பியைப் போலிருந்தது.
காகிதத்தில் எல்லாமே பறக்கும்.

பிறகு ப்ராக்கிலிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின.
படமும் பிடிக்கட்டும் என்றது முதல் கடிதம்.
கேமரா, அதன் சட்டம், அதற்கொரு ஜன்னல்:
நாற்பத்தாறு கிலோ.
வயிற்றுப் பக்கம் ஒரு எந்திரத் துப்பாக்கி,
அதைச் சுட ஓர் ஆள்.
ஆளுக்கு எண்பத்தைந்து என்று எழுதினேன், பூட்ஸோடு.
தளபதி ஒருவர் உள்ளே ஏறிப் பார்த்தார். தலை இடித்தது.
கூரையை ஒரு சாண் உயர்த்தினோம்.
யாருடைய மைத்துனரோ விற்ற வானொலிப் பெட்டி
ஒரு வார்த்தை பேசவில்லை.
கனத்தது மட்டும் ஐம்பத்திரண்டு.

யாரும் பெரிதாக எதுவும் கேட்டுவிடவில்லை.
ஆளுக்குக் கொஞ்சம்தான்.

போஹுமிலாவின் குழு இறக்கைக்கு லினன் தைத்தது.
சென்டிமீட்டருக்கு மூன்று தையல்.
வார்னிஷ் நெடியில் தலை சுற்றியவர்களுக்கு
நிர்வாகம் தினமும் அரை லிட்டர் பால் தந்தது.
அந்தப் பாலை மட்டும் நான் நிறுக்கவில்லை.

கூட்டிப் பார்த்த இரவு
முந்நூற்றுப் பதினொரு கிலோ அதிகம்.
பென்சிலைச் சீவி மறுபடி கூட்டினேன்.
கணக்கு பிசகவில்லை.
ப்ளாஹா வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்தார்.
கைக்கடிகாரத்தைக் கழற்றி என் தட்டில் வைத்தார்.
"இதையும் கழித்துக்கொள்."
சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல்
நிறுத்தேன்.
அறுபத்தெட்டு கிராம்.

அக்டோபர். புல்வெளியில் ஈரம்.
கேப்டன் ஸ்திபோர் ரொட்டியை மென்றுகொண்டே ஏறினான்.
முதல் ஓட்டத்தில் எழவில்லை.
இரண்டாவதில் எழுந்தது,
சினைப்பசு மேடேறுவதுபோல.
ஓரத்துப் பாப்லர் மரம் ஒன்றின் உச்சிக்கிளை
சக்கரத்தோடு போயிற்று.
பத்தொன்பது நிமிடம்.
ப்ளாஹா வானத்தைப் பார்க்கவில்லை,
எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விமானியின் அறிக்கை மூன்றே வரி:
நேராகப் பறக்கிறது.
திருப்பினால் யோசிக்கிறது.
வால் நடுங்குகிறது, நானும்தான்.

அடுத்தது கட்டச் சொல்லி யாரும் எழுதவில்லை.
உலகம் அதற்குள் அலுமினியத்துக்குப் போய்விட்டது.

இரண்டாண்டு கொட்டகையில் நின்றது.
பிறகு பிரித்தோம்.
பழக்கதோஷம், பிரித்ததையும் நிறுத்தேன்.
நான்கு கிலோ கூடியிருந்தது:
தூசு, தகைவிலான் கூடு,
சக்கர அச்சில் இறுகிக் காய்ந்த பாப்லர் கிளை.

எஞ்சின்கள் மர அறுவை ஆலைக்குப் போயின.
குறிபார்ப்பவன் உட்கார இருந்த கண்ணாடி மூக்கை
போஹுமிலா விலைக்கு வாங்கி
கைவண்டியில் தள்ளிக்கொண்டு போனாள்.

முப்பத்தொன்பது மார்ச்சில் அவர்கள் வந்தார்கள்.
பட்டியல் வைத்திருந்தார்கள்.
இரட்டை எஞ்சின் எங்கே என்று கேட்டார் அதிகாரி.
கூட்டிப்போய்க் காட்டினேன்.
கையுறை விரலால் கண்ணாடியைத் தட்டினார்.
உள்ளே தக்காளி நாற்று, இரண்டிலைப் பருவம்.
ஏதோ எழுதிக்கொண்டு போனார்.

அது யாரையும் கொல்லவில்லையே என்கிறார்கள் இப்போது.
அந்தப் பெருமை எனக்கு வேண்டாம்.
குண்டுகள், நானூறு கிலோ என்று
பதிவேட்டின் முதல் வரியில் எழுதியவனே நான்தான்.
பக்கத்தில், நிறுத்த எடைக்கான கட்டம்
இன்னும் காலி.

அந்த ஆகஸ்டில் போஹுமிலா ஒரு தக்காளி கொடுத்தாள்.
இருநூற்றுப் பன்னிரண்டு கிராம்.
சமையலறைத் தராசு,
ஐந்து கிராம் முன்பின் இருக்கலாம்.